காரின் திரையில் வருவதெல்லாம் காரின் வேலையா? ப்ளூடூத், இ-சிம், ஜிபிஎஸ்: ஒரு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்குக் காரில் போய்வருகிறவர்கள் ஏராளம். மருத்துவக் கல்லூரி, ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனை, விமான நிலையம் என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 2023 ஜூனில் கேரள அரசு சாலையோர ஏஐ கேமராக்களை வைத்து அபராதம் விதிக்கத் தொடங்கிய பிறகு, மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டுகிறவர்கள் நடுவே ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது: போனைக் கையில் எடுக்காமல் காரின் ப்ளூடூத்தில் பேசினாலும் அபராதம் வருமா?

அதோடு ஒட்டிக்கொண்டு வேறு குழப்பங்களும் வருகின்றன. பேச்சிப்பாறை போகும் வழியில் மேப் ஏன் நின்றுபோகிறது? கார் வாங்கிய புதிதில் வீட்டுக்குள் இருந்தே போனில் ஏசி போட முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை? கண்ணாடிக்கு மேலே இருக்கும் எஸ்ஓஎஸ் என்ற அவசர உதவிப் பட்டனை அழுத்தினால் யார் எடுப்பார்கள்?

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். திரை காரில் பதிந்திருப்பதால், அதில் வருவதெல்லாம் காரே செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று தொடர்புகள் அந்த ஒரே திரையில் வந்து சேருகின்றன. எது எந்த வழியாக வருகிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், எங்கே வேலை செய்யும், எங்கே கைவிடும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மூன்று தொடர்புகள்

1. காருக்கும் போனுக்கும் நடுவே. ப்ளூடூத், யுஎஸ்பி கேபிள், வைஃபை ஆகியவை இந்த வகை. ப்ளூடூத்தின் எல்லை சுமார் 10 மீட்டர். இதில் காருக்கென்று வெளியுலகத் தொடர்பு எதுவும் கிடையாது. பேச்சு, பாட்டு, மெசேஜ் எல்லாம் உங்கள் போனின் சிம்மில், உங்கள் ரீசார்ஜில்தான் வருகின்றன. காரில் இருப்பது ஸ்பீக்கர், மைக், திரை, ஸ்டீரிங் பட்டன், அவ்வளவுதான்.

2. காருக்கும் கம்பெனிக்கும் நடுவே. 2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் போன்ற கார்கள் வந்தபோது 'கனெக்டட் கார்' என்ற பேச்சு இங்கே பரவலானது. காருக்குள்ளேயே ஒரு இ-சிம், அதாவது கழற்றி மாற்றாத சிம், பதித்திருப்பார்கள். இது இயந்திரங்களுக்கான இணைப்பு. இந்தியாவில் இத்தகைய இணைப்புகளுக்கு 13 இலக்க எண். நீங்கள் பேசுவதற்கு இது இல்லை. கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, பெட்ரோல் எவ்வளவு என்பதைக் கம்பெனியின் சர்வருக்குச் சொல்லவும், அங்கிருந்து வரும் கட்டளையை வாங்கவும்தான் இது.

3. செயற்கைக்கோளில் இருந்து காருக்கு. அமெரிக்காவின் ஜிபிஎஸ், நம் நாட்டின் நாவிக் போன்றவை. இது ஒருவழிப் பாதை. நாகர்கோவில் வானொலி நிலையத்துக்கு யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியாதது போல, செயற்கைக்கோளுக்கும் உங்கள் கார் இருக்கும் இடம் தெரியாது. வரும் சமிக்ஞையைக் கேட்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று கணக்குப் போடுவது காரோ போனோதான்.

உங்கள் காரில் எது எதுவென்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒருநாள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சுற்று போய்வாருங்கள். அப்போதும் வேலை செய்கிறவைதான் காரின் சொந்த வசதிகள்.

ப்ளூடூத்: பெயர் ஒன்று, அனுமதி பல

போனைக் காரோடு ஒருமுறை இணைத்துவிட்டால் ('பேரிங்') எல்லாம் வந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. கால் பேசுவது ஒரு சேவை, பாட்டு தனிச் சேவை, தொடர்பு எண்களை இறக்குவது இன்னொன்று, மெசேஜ் காட்டுவது வேறொன்று. ஆண்ட்ராய்டு போனின் ப்ளூடூத் அமைப்பில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் இவற்றுக்குத் தனித்தனி சுவிட்ச்கள் தெரியும். 'பாட்டு வருது, கால் வரல' என்று சர்வீஸ் சென்டருக்குக் காரைக் கொண்டுபோவதற்கு முன்னால் அந்தச் சுவிட்சைப் பார்த்துவிடுவது நல்லது. முதல் தடவை இணைக்கும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டிருப்போம்.

எண்கள் வருகின்றன, ஆனால் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்பது நம்மூரில் அடிக்கடி காதில் விழும் புகார். போனில் பெயர்களைத் தமிழில் சேமித்திருப்பார்கள்; பழைய காரின் திரையில் தமிழ் எழுத்துரு இருக்காது. அப்பா, பால்காரர், பாஸ்டர், கேஸ் ஏஜென்சி எல்லோரும் ஒரே மாதிரியான நாலைந்து கட்டங்களாக நிற்பார்கள். இது பழுது இல்லை. ப்ளூடூத்தில் பெயர் வெறும் எழுத்துத் தரவாக வருகிறது, அதை வரைய வேண்டியது காரின் பொறுப்பு. அதே காரில், போனில் இருப்பதைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ போட்டால் தமிழ்ப் பெயர் அழகாக வரும். காரணம் அடுத்த பகுதியில்.

இன்னொரு வேடிக்கை. கணவன், மனைவி இருவர் போனும் காரில் பதிந்திருக்கும். மனைவி அடுக்களையில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார். வாசலில் கணவர் காரை ஸ்டார்ட் செய்ததும் பேச்சு கார் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல் 'ஹலோ, ஹலோ' என்று மனைவி கத்த, மறுமுனையில் மாமியார் சொல்வதெல்லாம் தெருவுக்கே கேட்கும். எந்தப் போனுக்கு முன்னுரிமை என்று காரின் அமைப்பில் மாற்றிவிடலாம். அல்லது மனைவியின் போனில் காரின் பெயருக்குக் கீழே இருக்கும் 'கால்' சுவிட்சை மட்டும் அணைத்துவிடலாம்.

வளைகுடாவில் இருந்து வரும் வாட்ஸ்அப் கால்களைப் பொறுத்தவரை, குரல் காரின் ஸ்பீக்கரில் வருவதில் சிக்கல் இல்லை. டேட்டா போனுடையது. வீடியோ கால் என்றால் படம் போனில்தான் தெரியும், அதை ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. களியக்காவிளை, ஊரம்பு, கொல்லங்கோடு பக்கங்களில் பேசிக்கொண்டே போகும்போது கால் அறுந்தால் உடனே ப்ளூடூத்தைக் குறை சொல்வோம். தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா வேறு வட்டம். பேச்சு நடுவே ஒரு வட்டத்தின் டவரில் இருந்து அடுத்த வட்டத்தின் டவருக்குப் போன் மாறும்போது கால் துண்டிக்கப்படலாம். காரில் பாட்டு அறாமல் ஓடிக்கொண்டிருந்து கால் மட்டும் போனால், குற்றவாளி ப்ளூடூத் அல்ல.

சரி, அபராதம் வருமா?

சட்டம் குறிவைப்பது கையில் பிடிக்கும் கருவியைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை 'ஆபத்தாக ஓட்டுதல்' குற்றத்தில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. முதல் தடவை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த இடத்திலேயே கட்டும் தொகையை ஒவ்வொரு மாநிலமும் தனியாக நிர்ணயிக்கிறது. கேரளத்தில் ஏஐ கேமரா தொடங்கியபோது போனுக்கான தொகை 2,000 ரூபாய்.

2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதித் திருத்தம் ஒரு விலக்கைத் தருகிறது: கையில் பிடிக்கும் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாத விதத்தில் பயன்படுத்தலாம்.

இவற்றைச் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இது:

1. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்க, காரின் மைக்கில் பேசுவது 'கையில் பிடித்துப் பேசுவது' ஆகாது.
2. காரில் ப்ளூடூத் இருந்தும் போனைக் கையில் எடுத்து எண்ணைத் தேடினால், அது குற்றம்தான். கேமராவுக்குத் தெரிவது கையில் இருக்கும் போன் மட்டுமே. நீங்கள் பேசினீர்களா, தேடினீர்களா என்பது அதற்கு அக்கறை இல்லை.
3. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வது 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' அல்ல. சிரிக்க வேண்டாம், அப்படி வாதாடுகிறவர்கள் உண்டு.
4. போனை வழி பார்க்கப் பயன்படுத்துவதாக இருந்தால் டாஷ்போர்டில் ஹோல்டர் போட்டு மாட்டுங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது எந்த விலக்கிலும் வராது.

சட்டம் விட்டுவைத்ததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. திரையில் அடுத்த பாட்டைத் தேட மூன்று விநாடி போனால் 50 மீட்டர். நாகர்கோவில்–தக்கலை–மார்த்தாண்டம் பழைய சாலையில் 50 மீட்டருக்குள் ஒரு பஸ் நிறுத்தம், இரண்டு சந்து, ஒரு டீக்கடை வந்துவிடும். வீட்டு வாசலில் இருந்து நேராக ரோட்டில் கால் வைக்கும் ஊர் இது. வால்யூமுக்கும் ஏசிக்கும் கூடப் பட்டனை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரைக்குள் போடுவதைக் கார் கம்பெனிகள் நாகரிகம் என்று நினைக்கின்றன. பட்டனைக் கை தடவித் தேடும், திரையைக் கண்தான் தேட வேண்டும். கார் பார்க்கப் போகும்போது திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதை விட, வால்யூமுக்குத் திருகு இருக்கிறதா என்று கேட்பது பயனுள்ளது.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே: திரை மட்டும் காருடையது

ப்ளூடூத்தில் போன் தரவை அனுப்பும், கார் அதை வரையும். ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் ஆப்பிள் கார்ப்ளேயிலும் அப்படியல்ல. படத்தைப் போனே வரைந்து அனுப்புகிறது, கார் அதைக் காட்டுகிறது, உங்கள் விரல் எங்கே பட்டது என்று திருப்பிச் சொல்கிறது. தமிழ் எழுத்து சரியாக வருவதும் இதனால்தான். போனில் இருக்கும் எழுத்துரு அப்படியே திரைக்கு வருகிறது.

இதில் இருந்து மூன்று விஷயங்கள் தொடர்கின்றன. மேப் தடுமாறினால் பார்க்க வேண்டியது போனை, காரை அல்ல. வயர்லெஸ்ஸாக இணைத்தால் அறிமுகம் மட்டும் ப்ளூடூத்தில் நடந்து, படம் வைஃபையில் ஓடும். அதனால் போன் சூடாகும், சார்ஜ் சரசரவென்று இறங்கும். கேபிள் போட்டும் திரையில் எதுவும் வராமல் சார்ஜ் மட்டும் ஏறினால், அது பெரும்பாலும் டேட்டா கம்பி இல்லாத மலிவுக் கேபிள். போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

இடம் தெரியும், வழி தெரியாது

கோதையாறு, காளிகேசம் பக்கம் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அங்கே திரையில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், சுற்றிலும் ரோடே இல்லாமல் வெறும் சாம்பல் நிறமாக இருக்கும். நீலப் புள்ளி செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. அதற்கு டவர் வேண்டாம். ரோட்டின் படம் இணையத்தில் இருந்து வருகிறது. டவர் இல்லாமல் வராது. மலைப்பக்கம் ஏறுவதற்கு முன், முடிந்தால் வீட்டு வைஃபையிலேயே, அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. காரிலேயே மேப் பதிந்து வரும் மாடல்களுக்கும் இது பிரச்சினை இல்லை. ஆனால் அந்த மேப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் புது நான்குவழிச்சாலையில் கார் வயலுக்குள் ஓடுவது போலக் காட்டும்.

மார்த்தாண்டம் மேம்பாலம் வேறு வகைக் குழப்பம். பாலம் கடைத்தெரு ரோட்டுக்கு நேர் மேலே போகிறது. ஜிபிஎஸ் கணக்கில் கிடைமட்ட இடத்தை விட உயரத்தில் பிழை அதிகம். நீங்கள் பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே கடைகளுக்கு நடுவே போகிறீர்களா என்பது அதற்கு நிச்சயமாகத் தெரியாது. மேலே போகும்போது 'இடதுபுறம் திரும்பவும்' என்று சொன்னால் பதற வேண்டாம். பாலம் ஏறும் இடத்தில் மட்டும் மேப்பை விட்டுவிட்டு வழிகாட்டிப் பலகையைப் பாருங்கள்.

இ-சிம்: ஆப் எப்படி வேலை செய்கிறது, எஸ்ஓஎஸ் யாருக்குப் போகிறது

போனில் 'ஏசி ஆன்' என்று தொட்டால் கட்டளை நேராகக் காருக்குப் போவதில்லை. போனில் இருந்து கம்பெனியின் சர்வருக்கு, அங்கிருந்து டவர் வழியாகக் காரின் இ-சிம்முக்கு என்று ஊர் சுற்றி வருகிறது. நீங்கள் பக்கத்திலேயே நின்றாலும் இதே பாதைதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நடக்காது: போனில் டேட்டா இல்லை, கார் நிற்கும் அடித்தளப் பார்க்கிங்கில் டவர் இல்லை, அல்லது சந்தா முடிந்துவிட்டது. இந்தச் சேவை முதல் சில ஆண்டுகளுக்குக் கார் விலையிலேயே அடங்கியிருக்கும், அப்புறம் ஆண்டுக்கட்டணம். விற்பனையாளர் இதைச் சொல்லியிருப்பார், நாம் சாவி வாங்கும் சந்தோஷத்தில் கேட்டிருக்க மாட்டோம். எந்தத் தேதியில் முடிகிறது என்று ஆப்பிலேயே இருக்கும்.

பெட்ரோல், டீசல் காரில் தூரத்தில் இருந்து ஏசி போடுவதென்றால் என்ஜினையே ஓடவிடுவது. கதவு அடைத்த ஷெட்டுக்குள் நிற்கும் காரை அப்படி ஸ்டார்ட் செய்யக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஷெட்டை ஒட்டிப் படுக்கையறை ஜன்னல் இருக்கும் வீடுகளில் இது விளையாட்டல்ல.

எஸ்ஓஎஸ் பட்டன்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல் கார்களில் 'இ-கால்' கட்டாயம். விபத்து நடந்தால் கார் தானாகவே 112-க்கு அழைக்கும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். நம் சொந்தக் கார்களில் பொதுவாக இந்த அழைப்பு போவது கம்பெனி நியமித்த கால் சென்டருக்கு. அங்கே இருப்பவருக்கு உங்கள் கார் நிற்கும் இடம் திரையில் தெரியும். அவர் உங்களிடம் பேசி, ஆம்புலன்சுக்கோ போலீசுக்கோ சொல்வார். ஏர்பேக் விரிந்தால் பல கார்கள் தானாகவே இந்த அழைப்பைப் போடும்.

இதன் விளைவுகளைக் கவனியுங்கள்:

1. சந்தா முடிந்த காரில் பட்டனை நம்ப முடியாது.
2. டவர் இல்லாத மலைப்பாதையில் பட்டன் வெறும் பட்டன்.
3. எடுப்பவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். வில்லுக்குறிக்கும் விரிகோட்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாது. பேசும் நிலையில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
4. நினைவோடு இருந்து, போன் கையில் கிடைத்தால் 108-ஐயோ 112-ஐயோ நேராக அழைப்பதுதான் வேகமான வழி. நடுவில் ஒரு ஆள் குறைகிறார்.

வாடகைக் கார், பஸ்ஸில் இருக்கும் அவசரப் பட்டனை இதோடு சேர்க்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வண்டிகளில், ஆட்டோ போன்றவை நீங்கலாக, இருப்பிடம் காட்டும் கருவியும் அந்தப் பட்டனும் கட்டாயம் என்பது மத்திய அரசின் விதி. அது கார் கம்பெனியின் சேவை அல்ல.

சாவியும் ஒரு ரேடியோதான்

பட்டன் ஸ்டார்ட் காரில் சாவியைப் பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கிறது. கார் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குச் சிறு அலையைப் பரப்பும், அது பட்டதும் சாவி விழித்துப் பதில் சொல்லும். பதில் சொல்லச் சாவிக்குள் ஒரு பட்டன் செல் இருக்கிறது. இதற்கு இணையமோ, போனோ, சந்தாவோ எதுவும் வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இந்தச் சாவிக்கு வரும் ஆபத்து தண்ணீர். திற்பரப்பு அருவியில் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டபடியே குளித்துவிடுவார்கள். சொத்தவிளையில் 'கால் மட்டும் நனைக்கிறேன்' என்று இறங்குகிறவரை அலை இடுப்பு வரை நனைத்துவிடும். அருவித் தண்ணீர் என்றால் உடனே திறந்து, செல்லை எடுத்து, உலர விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கடல் தண்ணீர் உள்ளே போனால் உப்பு சர்க்யூட்டை அரித்துவிடும்.

செல் தீர்ந்துவிட்டால் கையைப் பிசைய வேண்டாம். சாவிக்குள்ளேயே இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும், கதவை அதனால் திறக்கலாம். அப்புறம் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு அந்த நெருக்கத்தில் காரே மின்சாரம் கொடுத்துவிடுகிறது. சில மாடல்களில் பிடிக்க வேண்டிய இடம் வேறு, கையேட்டில் படம் இருக்கும்.

எந்தத் தொடர்பும் வேண்டாத ஒரு பட்டன்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. மழையில் கண்ணாடி ஏற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து பூத்துவிடும். துணியால் துடைத்தபடியே ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். வளைந்த கண்ணாடியின் மேல் மூன்று அம்புக்குறி போட்ட பட்டன் இதற்குத்தான். அதை அழுத்தி, ஏசியை ஓடவிட்டு, உள்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்துவிட்டால் கண்ணாடி தெளிந்துவிடும். ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்கிறது, அதுதான் சூட்சுமம். ஆப்பில் இருக்கும் முப்பது வசதிகளை விட இந்த ஒரு பட்டன் உயிரைக் காக்கும்.

காரை விற்கும்போது, வாங்கும்போது

கேரளப் பதிவு எண்ணோடு பழைய கார் வாங்குவதும், டிஎன் 74, டிஎன் 75 வண்டிகள் கைமாறுவதும் இங்கே சாதாரணம். ஆர்சி மாற்றுவோம், இன்சூரன்ஸ் மாற்றுவோம். திரைக்குள் இருப்பதை யாரும் மாற்றுவதில்லை. ப்ளூடூத் இறக்கிய எண்கள், பேசிய கால்களின் பட்டியல், மேப்பில் 'வீடு' என்று குறித்த இடம் எல்லாம் காரின் நினைவகத்தில் தங்கிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் இ-சிம். பழைய உரிமையாளரின் கணக்கு ஆப்பில் அப்படியே இருந்தால், கார் இப்போது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். சில கார்களில் கதவைத் திறக்கவும் முடியும்.

1. விற்கிறவர், திரையின் அமைப்பில் எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்ய வேண்டும். போனில் காரின் பெயரை நீக்கினால் மட்டும் காரில் இருப்பது அழியாது.
2. கம்பெனி ஆப்பில் இருந்து காரை நீக்க வேண்டும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதும் காரை நீக்குவதும் ஒன்றல்ல.
3. வாங்குகிறவர், பணத்தைக் கொடுக்கும் முன் தன் போனில் அந்த ஆப்பில் காரைப் பதிந்து பார்க்க வேண்டும். 'ஏற்கெனவே வேறொருவர் பெயரில் உள்ளது' என்று வந்தால், விற்கிறவர் எதிரில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்வது சுலபம். அவர் விமானம் ஏறிவிட்டால் ஆவணங்களோடு ஷோரூமுக்கு அலைய வேண்டும்.
4. இரண்டு சாவியும் கைக்கு வரவில்லை என்றால், கையில் இருக்கும் சாவியைத் தவிர மற்றதைக் கார் மறந்துவிடும்படி சர்வீஸ் சென்டரில் அழிக்கச் சொல்லலாம். சுற்றுலாக் காராக ஓடிய வண்டி என்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். எத்தனை ஓட்டுநர் கை மாறியதோ, அத்தனை பேரிடம் சாவி போய்வந்திருக்கும்.